பழைய நூலக அஞ்சலட்டைகள் வாங்குவோர் கவனத்திற்கு

நூலகக் கட்டடங்களின் படம் கொண்ட பழைய அஞ்சலட்டைகளைச் சேர்ப்பவர்கள், பின்பக்கத்தைக் காட்டாத விற்பனையாளரிடம் பணம் கட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் கட்டி ஏமாந்தேன்.

அமெரிக்க நூலகங்களின் பன்னிரண்டு அட்டைகளை, "1905க்கு முற்பட்டவை, அசல் புகைப்பட அட்டைகள், தபாலில் சென்றவை" என்ற விளக்கத்துடன் ஒருவர் இணையத்தில் விற்பனைக்கு வைத்திருந்தார். பெரும்பாலானவை அமெரிக்கத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னகியின் நன்கொடையில் எழுந்த கட்டடங்கள். 1883 முதல் 1929 வரை அவருடைய பணத்தில் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் கட்டப்பட்டதால், அவற்றின் அட்டைகளைத் தேடுவோர் எப்போதும் உண்டு; அந்த ஆர்வத்தை விற்பவர்களும் அறிவார்கள். பின்பக்கப் படங்களைக் கேட்டபோது ஸ்கேனர் பழுது என்றார். முன்பக்கத்தை மட்டும் அந்த ஸ்கேனர் எப்படி எடுத்தது என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.

கட்டு வந்தபோது மேலே இருந்த இரண்டு அட்டைகள் உண்மையானவை. மூன்றாவது, நியூயார்க் பொது நூலகத்தின் வாயிற்படிகளில் மக்கள் ஏறிச்செல்லும் படம். அந்தக் கட்டடம் திறக்கப்பட்டதே 1911ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் என்பது நினைவுக்கு வந்ததும், மற்றவற்றையும் திருப்பிப் பார்த்தேன். செய்திக்கு இடப்பக்கம், முகவரிக்கு வலப்பக்கம் என்று நடுவில் கோடிட்ட பின்பக்கம் அமெரிக்காவில் 1907 மார்ச் முதல் தேதியிலிருந்துதான் அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் முகவரி தவிர வேறெதையும் அங்கே எழுதக்கூடாது. 1905க்கு முற்பட்டவை என்று விற்கப்பட்ட பத்து அட்டைகளிலும் அந்தக் கோடு இருந்தது.

தேதியில் மட்டும் தவறியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பேன். ஆனால் தபால் தலையின் மேல் விரலை ஓட்டியபோது விளிம்பே தட்டுப்படவில்லை. தலை, முத்திரை, மையால் எழுதிய முகவரி எல்லாம் ஒரே வழவழப்பான பரப்பில் அச்சாகியிருந்தன. அசல் புகைப்படத்தாளை லென்ஸ் வைத்துப் பார்த்தால் சாம்பல் நிறங்கள் இடைவெளியின்றி ஒன்றிலொன்று கரையும். இங்கே வானமும் தூண்களும் முத்திரையின் வட்டமும் கூடப் பொடிப்பொடியான வண்ணப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தன. புற ஊதா விளக்கின் கீழ் அட்டைகள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தன. காகிதத்தில் அந்த ஒளிர்வைத் தரும் வேதிப்பொருள் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகே பரவலாகச் சேர்க்கப்பட்டது.

விற்பனையாளருக்கு இவற்றையெல்லாம் படங்களுடன் எழுதினேன். முதலில், பழைய பொருளில் இப்படித்தான் இருக்கும் என்றார். பிறகு, "சில மறுபதிப்புகளும் இருக்கலாம்" என்ற வரி விளக்கத்தின் அடியில் இருந்ததாகச் சொன்னார். நான் வாங்கும்போது எடுத்துவைத்த திரைப்பிடிப்பில் அந்த வரி இல்லை என்று காட்டியதும் பதில் நின்றுவிட்டது. திரைப்பிடிப்பு எடுக்கும் பழக்கம் எனக்கு இருந்தும், பொருள் வாங்குபவருக்குப் பாதுகாப்பில்லாத வழியில் பணத்தை நேரடியாக அனுப்பியது என் பிழை. அதனால் யாரிடமும் முறையிட முடியவில்லை.

அசல் அட்டைகள் இரண்டும் என் தொகுப்பில் உள்ளன. மீதிப் பத்தின் பின்பக்கத்திலும், அவை இன்னொருவரிடம் அசலாகப் போய்ச் சேராதிருக்க, அழியாத மையால் "மறுபதிப்பு" என்று எழுதிவிட்டேன்.