உள்ளரங்கப் போட்டிகளுக்குப் புகைப்படக்காரரை அமர்த்தும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை

பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், தென்காசிப் பக்கங்களில் பிள்ளைகளை உள்ளரங்கப் போட்டிகளுக்கு அனுப்புகிறவர்கள், படமெடுக்க முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடும்படி வேண்டுகிறேன்.

சென்ற ஆடி மாதம் நடந்த சிறார் பேட்மிண்டன் போட்டிக்காக, பெற்றோர் சிலர் சேர்ந்து திருநெல்வேலி ஜங்ஷன் பகுதி ஸ்டுடியோ ஒன்றுக்குப் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்தோம். விளையாட்டுப் படங்களில் நீண்ட அனுபவம் உண்டு என்று உரிமையாளர் உறுதி கூறினார். சாரல் காலத்துக் காற்று இறகுப் பந்தை இழுத்துவிடும் என்பதால் கதவு ஜன்னல்களை அடைத்துவிட்டுத்தான் ஆட்டம் நடக்கும், விளக்கொளியை மட்டுமே நம்பி எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் அவரிடம் முன்கூட்டியே தெரிவித்திருந்தோம். முதல் ஆட்டத்திலேயே அவர் ஃபிளாஷ் அடிக்க, பிள்ளைகளின் கண் கூசுகிறது என்று நடுவர் தடுத்துவிட்டார்.

மீதித் தொகையையும் வாங்கிக்கொண்டு அவர் கொடுத்த படங்களில், நின்றுகொண்டிருந்த பிள்ளைகள் மட்டும் தெளிவாக இருந்தார்கள். ஸ்மாஷ் அடித்தவர்களின் கையும் மட்டையும் வெறும் வெள்ளைத் தீற்றலாகக் கலங்கியிருந்தன. கேட்டபோது, அரங்கு இருட்டு, எந்தக் கேமராவாலும் முடியாது என்றார். கூடுதல் பணம் கொடுத்தால் கணினியில் கூர்மையாக்கித் தருவதாகவும் சொன்னார். என்னை மிகவும் வருத்தியது இதுதான். ஏனெனில் அந்த அளவுக்கு அசைவில் கலங்கிய படத்தில், பதிவாகாத முகத்தையும் விரலையும் உள்ளபடி மீட்கவே முடியாது.

மூலக் கோப்புகளைப் பென்டிரைவில் கேட்டு வாங்கி, அவற்றில் பதிவாகியிருந்த கேமரா விவரங்களைப் பார்த்தோம். ஷட்டர் வேகம் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/60 வினாடி, அபெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எண் குறைந்தால் திறப்பு பெரிது) எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 400 என்றே எல்லாவற்றிலும் இருந்தது. கல்யாண மண்டபத்தில் ஃபிளாஷ் அடித்து எடுப்பதற்கு ஏற்ற அளவுகள் இவை. துள்ளி ஆடும் பிள்ளைகளுக்குக் குறைந்தது 1/500 வேகம் வேண்டும், ஸ்மாஷுக்கு 1/1000 இருந்தால் நல்லது. ஐ.எஸ்.ஓ.வை 400-இலிருந்து 3200-க்கு உயர்த்தியிருந்தால் உணர்திறன் எட்டு மடங்காகி, அதே கேமராவில், அதே லென்ஸில், அதே வெளிச்சத்தில் ஏறக்குறைய 1/500 கிடைத்திருக்கும். எஃப் 2.8 லென்ஸ் கொண்டுவந்திருந்தால் அதற்கு மேலும் நான்கு மடங்கு ஒளி உள்ளே வந்திருக்கும். ஐ.எஸ்.ஓ. கூடினால் புள்ளிகள் தெரியும் என்பது உண்மைதான். ஆனால் புள்ளி தெரிந்தாலும் அது என் மகளின் முகமாக இருந்திருக்கும்.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் படத்தில் பட்டை விழும் என்றும் அவர் வாதிட்டார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் ஆதலால் பல விளக்குகள் வினாடிக்கு 100 முறை துடிக்கின்றன; அதனால் சில படங்கள் மங்குவதும் பட்டை விழுவதும் உண்டு. அதைச் சமாளிக்கும் வசதி இப்போதைய பல கேமராக்களில் இருக்கிறது. இல்லாவிட்டாலும், தொடர்ச்சியாக எடுத்து நல்லவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கலாம்.

ஆகவே ஆல்பத்தின் பளபளப்பைப் பார்க்காமல், ஃபிளாஷ் இல்லாமல் மூடிய அரங்கில் எடுத்த படங்களின் மூலக் கோப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த விவரங்கள் அழிந்துவிடும், பென்டிரைவிலேயே வாங்குங்கள். மூலக் கோப்புகளைத் தருவது, ஃபிளாஷ் தவிர்ப்பது ஆகிய இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குவது அவசியம்.

பணத்தைத் திருப்பித் தர அவர் மறுத்துவிட்டதால், தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் கொடுத்திருக்கிறோம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட ஆணையத்தை அணுகலாம் என்பதால், அடுத்து அங்கே கொடுக்க ரசீதையும் திருத்தப்படாத கோப்புகளையும் எடுத்து வைத்திருக்கிறோம்.