1/72-ஆ 1/48-ஆ? ரெண்டும் பண்ணிப் பாத்துட்டு சொல்றேன்

ரெண்டாம் உலகப்போர் விமானங்கள மாடலா பண்ண ஆரம்பிக்கிற எல்லாரும் முதல்ல குழம்புற இடம் எந்த ஸ்கேல் வாங்கறதுன்றதுதான். 1/48-னா நிஜ விமானத்தோட நீளத்துல 48-ல ஒரு பங்கு, 1/72-னா 72-ல ஒரு பங்கு. நா முதல்ல 1/48-ல நாலு பண்ணேன், ரெண்டு ஸ்பிட்ஃபயர், ஒரு ஹரிக்கேன் (ரெண்டுமே பிரிட்டிஷ் சண்டை விமானம்), ஒரு ஸ்டூக்கா (ஜெர்மன் குண்டுவீச்சு விமானம்). அப்புறம் 1/72-க்கு மாறி மூணு வருஷம் ஆச்சு, திரும்பிப் போற எண்ணம் இல்ல.

1/72 விலை கம்மி, பெயிண்டும் கம்மியா ஆகும். 1/48-ல பார்ட்ஸ் பெருசு, கைக்கு வசதி. இது டப்பாவப் பாத்தாலே தெரியிற விஷயம், இதுல நேரம் போக்க வேணாம்.

1/48-ஐ மனசாரப் பாராட்டணும்னா காக்பிட்டுக்காகப் பாராட்டணும். 2018-ல டாமியாங்கற ஜப்பான் மாடல் கம்பெனி புதுசா கொண்டுவந்த ஸ்பிட்ஃபயர் மார்க் 1 பண்ணும்போது சீட் பெல்ட், மீட்டர் பேனல், அந்த வட்டமான கண்ட்ரோல் கைப்பிடி எல்லாத்தையும் தனித்தனியா பெயிண்ட் அடிச்சு உள்ள வச்சேன், கேனப்பிய, அதாவது காக்பிட் மேல இருக்குற கண்ணாடி மூடிய, திறந்து வச்சா இன்னிக்கும் குனிஞ்சு பாக்கத் தோணும். 1/72-ல அதே கைப்பிடி ஒரு கடுகு அளவுதான், மீட்டர் பேனல் பெரும்பாலும் ஒரு டெக்கால், தண்ணில நனைச்சு ஒட்டற படம். கேனப்பியும் உறுத்தும், பிளாஸ்டிக் 1 மிமீ கனம் இருந்தாலே நிஜ விமானத்துல அது 7 செமீ கண்ணாடின்னு ஆயிடும், அதனால 1/72-ல நா கேனப்பிய மூடித்தான் ஒட்டுவேன். காக்பிட்தான் உங்களுக்கு முக்கியம்னா இதுக்கு மேல படிக்கவே வேணாம், 1/48 வாங்கிடுங்க.

என்னை மாத்தினது தூசி. அந்த நாலையும் டிவி ஸ்டாண்டு மேல திறந்தாப்ல வச்சிருந்தேன், ஃபேன் காத்துக்கு ஒரு மாசத்துலயே இறக்கை மேல சாம்பல் பூத்த மாதிரி படிஞ்சிடும், மெல்லிய பிரஷ்ஷால தட்டப் போனா ஏரியல் கம்பம் உடையும். ஒட்டி வச்சா அடுத்த தடவ இறக்கைக்கு அடியில இருக்குற பீட்டோ ட்யூப் (வேகம் அளக்கற சின்னக் குழாய்) போயிடும், அது விழுந்தா தரையில தேடிக் கண்டுபிடிக்கறது ரொம்ப கஷ்டம். மேட் வார்னிஷ் (பளபளப்பு இல்லாத மேல்பூச்சு) அடிச்ச பரப்புல ஈரத்துணியும் போட முடியாது, திட்டுத்திட்டா பளபளன்னு ஆயிடும். ரெண்டு கோடை பாத்தப்புறம் புரிஞ்சுது, மாடல்னா அது கண்ணாடிக்குள்ளதான் இருக்கணும். வாங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் டீட்டெயில் பத்தி பேசறோம், பண்ணி முடிச்ச மாடல் பத்து வருஷம் எங்க நிக்கப்போவுதுன்னு யோசிக்கறதில்ல, நானும் யோசிக்கல.

கண்ணாடி அலமாரி வாங்கினேன், ஒரு தட்டு உள்ளளவு 80 செமீ அகலம், 30 செமீ ஆழம். டேப்ப எடுத்து அளந்து பாத்தா விஷயம் அங்கயே முடிஞ்சுபோச்சு. ஸ்பிட்ஃபயர் இறக்கை நிஜத்துல 11.23 மீட்டர். 1/48-ல அது 23.4 செமீ, நீளம் 19 செமீ, ஒரு தட்டுல மூணு வைக்கலாம், பின்னாடி இன்னொரு வரிசைக்கு ஆழம் பத்தாது. 1/72-ல இறக்கை 15.6 செமீ, நீளம் 12.7 செமீ, அஞ்சு அஞ்சா ரெண்டு வரிசை, மொத்தம் பத்து. மூணுக்கும் பத்துக்கும் உள்ள வித்தியாசம். கணக்குப்படி ஒவ்வொண்ணும் ரெண்டேகால் மடங்கு இடம்தான் கூட அடைக்குது, ஆனா தட்டோட ஆழம் நம்ம இஷ்டத்துக்கு வராதே, அதுலதான் இடி விழுது.

குண்டுவீச்சு விமானம்னா இன்னும் மோசம். ஜெர்மனியோட ஹெய்ங்கல் 111-ஐ 1/48-ல பண்ணா இறக்கை 47 செமீ, நீளம் 34 செமீ, வால் வெளிய நீட்டும், கதவ மூட முடியாது. 1/72-ல 31 செமீக்கு 23 செமீ, தட்டோட ஒரு பக்கமா உக்காந்துடும், மிச்ச இடத்துல ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், ஜெர்மன் சண்டை விமானம் மெஸ்ஸர்ஸ்மிட் 109 மூணும் பக்கத்துல பக்கத்துல நிக்கும், அதுக்குப் பின்னாடி இன்னொரு வரிசையும் வைக்கலாம். 1940-ல இங்கிலாந்து வானத்துல எதிரெதிரா பறந்தது எல்லாம் ஒரே அளவுல ஒரே தட்டுல. அந்த ஹெய்ங்கல் பக்கத்துல ஸ்பிட்ஃபயர் எவ்ளோ சின்னதுன்னு கண்ணால பாக்கறது இருக்கே, எனக்கு அது காக்பிட்டவிட பெரிய சந்தோஷம்.

1/72-ங்கற கணக்கு வந்ததே 6 அடிக்கு 1 அங்குலம்னுதான். 1942-ல அமெரிக்க கடற்படை பள்ளிக்கூடப் பசங்கள வச்சு விமானங்கள அடையாளம் காணப் பழகற மர மாடல்கள் செய்யச் சொன்னப்பவும் இதே ஸ்கேல்தான். 35 அடி தள்ளி நின்னு பாத்தா நிஜ விமானத்த கிட்டத்தட்ட அரை மைல் தூரத்துல பாக்கற மாதிரி இருக்கும், வேணும்னா 35-ஐ 72-ஆல பெருக்கிப் பாருங்க. ராத்திரி ஹால்ல லைட்ட அணைச்சுட்டு அலமாரி லைட்ட மட்டும் போட்டு, எதிர் மூலையில நின்னு பாக்கும்போது அதுதான் ஞாபகம் வரும்.

ஒண்ணு மட்டும் அடிச்சு சொல்ல மாட்டேன். 109-ஓட பக்கவாட்டுல வர்ற அந்தப் புகை மாதிரி புள்ளிகள் 1/72-ல சரியா வரணும்னா ஏர்பிரஷ்ல (காத்தால பெயிண்ட் தெளிக்கற கருவி) நல்லா கை பழகியிருக்கணும். நா இதுவரை ரெண்டுதான் பண்ணிருக்கேன், ஒண்ணுல புள்ளி பெருசாயிடுச்சு, 1/48-ல அது சுலபமா இருக்கலாம். ஜெட் விமானமும் 1/32-ம் நா தொட்டதே இல்ல. டேங்க் பண்றவங்களுக்கு இந்த வாதம் பொருந்தாது, 1/35 டைகரே பீரங்கியோட சேத்து 24 செமீதான், தட்டுல குறுக்க வச்சாக்கூட அடங்கிடும், அங்க 1/35-ஏ எடுங்க, கிட்டும் அதுலதான் எக்கச்சக்கமா கிடைக்குது.

இப்ப டேபிள் மேல 1/72 லங்காஸ்டர், நாலு எஞ்சின் பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம், ஓடிட்டு இருக்கு. இறக்கை 43 செமீ, நீளம் 29.4. தட்டு ஆழம் 30-னு சொன்னேன்ல, வால வச்சு மூணு தடவ அளந்துட்டேன், கதவு மூடுது. நடு எஞ்சின் ரெண்டும் ஒட்டி காஞ்சிட்டு இருக்கு, கீழ்த்தட்டுல அதுக்கு இடது பக்கம் காலி பண்ணி வச்சாச்சு.