சிக்கு எடுக்குறோம்னு சொல்லி பார்லர்ல முடிய வெட்டிட்டாங்க, நீளமுடி வச்சிருக்கவங்க படிச்சிட்டுப் போங்க

இடுப்புக்குக் கீழ முடி இருக்கவங்க, வீட்ல பொம்பளப்பிள்ளைக்கு ஆசை ஆசையா முடி வளக்குறவங்க, தயவுசெஞ்சு கடைசிவரைக்கும் படிங்க. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

ஆடி மாசம் எனக்கு டைபாய்டு. 12 நாள் படுக்கை. தலைக்கு எண்ணெய் இல்ல, சீப்பு படல, மொத்த முடியையும் சுருட்டிக் கொண்டையா போட்டு ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி அதோடவே தலகாணியில புரண்டு புரண்டு கிடந்தேன். கொஞ்சம் தெளிஞ்சு எழுந்து கொண்டைய அவுக்கலாம்னு பாத்தா அவுறவே இல்ல. பிடரியில உள்ளங்கை அகலத்துக்கு கம்பளித் துண்டு மாதிரி ஒட்டிக் கிடந்துச்சு. நமக்கு தினமும் 50ல இருந்து 100 முடி தானா உதிரும், சீவுனா சீப்போட வந்துரும், சீவலன்னா அது எங்க போகும், நிக்கிற முடிக்குள்ளயே சுத்திக்கிட்டு கிடக்கும். 12 நாள் உதிர்ந்தது அத்தனையும் உள்ளேயே இருந்திருக்கு.

எனக்குக் கையத் தூக்கக்கூட தெம்பில்ல, அம்மாவும் பெரியம்மாவும் ஊர்ல இருக்காங்க, அதனால வீட்டுக்காரர் எங்க ஏரியாவுல புதுசா திறந்திருக்க பார்லருக்குக் கூட்டிட்டுப் போனார். ஓனரம்மா தொட்டுப் பாத்துட்டு, "1,800 ஆகும் மேடம், ஒன்றரை மணி நேரத்துல பட்டு மாதிரி ஆக்கிடுவோம்"னு சொன்னாங்க. அந்த ஒன்றரை மணி நேரம்ங்கிற வார்த்தையிலயே நான் எழுந்து வந்திருக்கணும். அவ்ளோ பெரிய சிக்கு ஒன்றரை மணி நேரத்துல வராதுங்க.

முதல் வேலையா சிங்க்ல தலையச் சாச்சு ஷாம்பூ போட்டு கரகரன்னு கசக்குனாங்க. பண்ணவே கூடாதது அதுதான். நம்ம முடியில மீன் செதில் மாதிரி நுண்ணிசா செதில் இருக்கு, நுனியப் பாத்துப் படுத்திருக்கும். நனைஞ்சதும் அது கொஞ்சம் தூக்கிக்கும், அந்த நேரத்துல கசக்குனா ஒண்ணோட ஒண்ணு மாட்டி இறுகிப்போகும், கம்பளி ஸ்வெட்டர சுடுதண்ணில போட்டுக் கசக்குனா சுருங்கி கெட்டியாகுதுல்ல, அதேதான். போதாததுக்கு நனைஞ்ச முடிக்கு வலு கம்மி, ரப்பர் மாதிரி இழுபட்டு அறுந்துரும்.

அப்புறம் அந்த அகலமான பேடில் பிரஷ்ஷ எடுத்து உச்சியில வச்சு கீழ நோக்கி ஒரே இழுப்பு. ஒரு பொண்ணு தலையப் பிடிச்சுக்க இன்னொரு பொண்ணு இழுக்க, காதுக்குப் பின்னாடி பட்டு பட்டுன்னு சத்தம் கேக்குது, கண்ணுல தண்ணி. "மெதுவாம்மா, நுனியில இருந்து எடும்மா"ன்னு மூணு தடவ சொன்னேன். அந்தப் பொண்ணுக்கு 19 வயசுகூட இருக்காது, ஓனரம்மா பின்னாடி நின்னு "அடுத்த அப்பாயின்ட்மென்ட் வந்துட்டாங்க, சீக்கிரம்"ங்கிறாங்க, அதுவும் என்ன பண்ணும். அந்தப் பிள்ளை மேல எனக்குக் கோவமே இல்ல.

திடீர்னு கறக்குன்னு ஒரு சத்தம். ஓனரம்மாவே கத்திரியால வெட்டிட்டாங்க. கேக்கல, சொல்லல. கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கத்தை, ரெண்டரை அடி நீளம், டேபிள் மேல வச்சுட்டு "உள்பக்கம்தான் மேடம், வெளிய தெரியாது"ங்கிறாங்க. முடி மாசத்துக்கு சுமாரா 1 சென்டிமீட்டர் வளரும், கணக்குப் போட்டுப் பாருங்க, அந்தக் கத்தையோட நுனி ஆறு வருசத்துக்கு முந்தினது, என் பையன் வயித்துல இருந்தப்ப முளைச்சது. நான் அங்கேயே அழுதுட்டேன்.

பில் 4,100. சிக்குக்கு 1,800, கேக்காமலே போட்ட ஹேர் ஸ்பா 1,200, சீரம் 450, வேப்பமரச் சீப்பு 650. அதுக்கு மேல, "வேர் லூசாகி முடி கொட்டுது, 12,000க்கு பேக்கேஜ் எடுத்துக்கோங்க"ன்னு வேற. கொட்டுதுன்னு காட்டுன முடியில கொஞ்சத்த துண்டுல இருந்து எடுத்து வீட்டுக்கு வந்து வெளிச்சத்துல பாத்தேன். தானா உதிர்ற முடியோட ஒரு நுனியில வெள்ளையா கடுகுல பாதிகூட இல்லாத ஒரு சின்ன உருண்டை இருக்கும். நான் பாத்ததுல முக்கால்வாசிக்கு ரெண்டு பக்கமும் உருண்டையே இல்லாம மொட்டையாத்தான் இருந்துச்சு. அத்தனையும் அவங்க இழுத்து அறுத்தது.

அந்தச் சீப்பு கதையையும் சொல்லிடுறேன். ரெண்டு நாள்ல ஒரு பல் முறிஞ்சுச்சு. முறிஞ்ச இடத்தப் பாத்தா மரத்தோட ரேகை பல்லுக்குக் குறுக்கால ஓடுது. நல்ல மரச்சீப்புல ரேகை பல்லோட நீளத்துக்கே ஓடும், அப்பத்தான் தாங்கும். வெந்நீர்ல போட்டா தண்ணி டீ கலருக்கு மாறுது, சாயம் ஏத்துனதோன்னு சந்தேகம். இனிமே சீப்பு வாங்குனா, பழைய நைலான் சேலை முந்தானையில பல்ல மெதுவா இழுத்துப் பாருங்க, நூல் மாட்டுச்சுன்னா உங்க முடியும் மாட்டும். பிளாஸ்டிக் சீப்புனா பல்லுக்கு நடுவுல அச்சுல வார்த்த கோடு நகத்துக்குத் தட்டுப்படுதான்னு பாருங்க, அந்தக் கோடு முடிய சுரண்டிக்கிட்டே இருக்கும்.

மிச்சச் சிக்கை எடுத்தது எங்க பெரியம்மா. போன்ல விஷயத்தக் கேட்டதும் "ஏண்டி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா"ன்னு திட்டிட்டு மறுநாள் காலையில பஸ் ஏறி வந்துட்டாங்க. தண்ணியே தொடல. தேங்கா எண்ணெய லேசா சூடு பண்ணி சிக்குக்குள்ள இறங்குற மாதிரி விட்டு ராத்திரி முழுக்க ஊறப்போட்டாங்க. காலையில வெளி ஓரத்துல இருந்து விரலாலயே பிரிச்சாங்க, விரல் போகாத இடத்துல பழைய சிணுக்கோலியோட (சிக்கெடுக்குற கூர்முனைக் குச்சி) முனைய விட்டு நாலஞ்சு முடியா நெம்பி எடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் சிக்குக்கு மேல இடது கையால இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க, அதனால இழுப்பு மண்டைக்கு வரவே இல்ல. விரல் தாராளமா போனதுக்கு அப்புறம்தான் அகலப்பல் சீப்பு, அதுவும் நுனியில நாலு விரக்கடை, அப்புறம் அதுக்கு மேல நாலு விரக்கடை. பிரஷ் கடைசியிலதான். மொத்தம் ரெண்டு நாள் ஆச்சு, கத்திரியத் தொடவே இல்ல. தலைக்கு ஊத்துனப்பக்கூட ஷாம்பூவ மண்டையில மட்டும் போட்டு, முடிக்கு கண்டிஷனர தாராளமா தடவி அலசி விட்டாங்க.

நான் 1915 நுகர்வோர் ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணி புகார் குடுத்தேன். என்கிட்ட இருந்தது கையால எழுதுன துண்டுச்சீட்டும் ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும்தான், போறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோ ஒண்ணுகூட இல்ல. புகார் போன பிறகு சீப்பு காசு 650 மட்டும் திருப்பி அனுப்புனாங்க, மத்தத பத்தி பேச்சே இல்ல. அதனால நீங்க போறதா இருந்தா பிடரியப் போட்டோ எடுத்துட்டு, அச்சடிச்ச பில் குடுப்பீங்களான்னு கேட்டுட்டு உக்காருங்க. முதல்ல என்ன பண்ணுவீங்கன்னும் கேளுங்க. தலைக்கு ஷாம்பூ போடுவோம்னு சொன்னா அப்படியே எழுந்து வந்துருங்க.

வெட்டுன இடம் இப்ப மூணு விரக்கடை வளந்திருக்கு. பின்னலுக்குள்ள நிக்கமாட்டேங்குது, கழுத்துல குத்திக்கிட்டே இருக்கு, தினமும் காலையில ரெண்டு சொட்டு எண்ணெய் தொட்டு ஒதுக்கி விட்டுட்டு பின்னிக்கிறேன்.