‘லிம்ப் பண்ணுங்க தம்பி’ என்று கிளாஸ் எடுத்தவரைப் பற்றி

திருப்பூர், பல்லடம் பக்கம் வாட்ஸ்அப்பில் போக்கர் (பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம்) கிளாஸ் என்று விளம்பரம் வந்தால் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்க. நான் கட்டினேன். மொத்தம் 38,000 ரூபாய் போச்சு. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவனுக்கு அது இரண்டு மாசச் சம்பளம்.

2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மிக்கும் போக்கருக்கும் இருந்த மாநிலத் தடையை நீக்கியது. அதைக் காட்டித்தான் கிளாஸ் எடுத்தவர் ஆரம்பித்தார். "கோர்ட்டே சொல்லிருச்சுங்க தம்பி, இது திறமை." ஃபீஸ் 4,500. நாலு ஞாயிறு கிளாஸ், அப்புறம் அவர் அனுப்பும் லிங்க்கில் ஒரு பிரைவேட் ஆன்லைன் கிளப்பில் சேர்ந்து ஆட வேண்டும்.

பாடம் என்று பார்த்தால் ஒன்றுதான்: லிம்ப், அதாவது நொண்டுவது. சீட்டு போடும் முன் இரண்டு பேர் கட்டாயமாக வைக்கும் பணம்தான் பிளைண்ட்; சின்னது ஸ்மால், பெரியது பிக், அங்கே பத்து ரூபாய். தொகையைக் கூட்டாமல் (ரைஸ் பண்ணாமல்), அந்த பிக் பிளைண்ட் தொகையை மட்டும் போட்டு உள்ளே போவதுதான் லிம்ப். "நொண்டியடிச்சே போங்க. பத்து ரூவாய்க்கு ஃப்ளாப் பாக்கறீங்க. புடிச்சா லாபம், இல்லீன்னா வுட்டுருங்க." ஃப்ளாப் என்பது எல்லாருக்கும் பொதுவாக நடுவில் திறக்கும் முதல் மூன்று சீட்டு.

முழுப் பொய் சொல்லியிருந்தால் நானே கண்டுபிடித்திருப்பேன். லிம்ப் பண்ண வேண்டிய இடங்கள் உண்டு. டீலர் இடத்தில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) உட்கார்ந்திருக்கிறேன், கையில் நாலு-நாலு ஜோடி, முன்னால் மூன்று பேர் லிம்ப் பண்ணிவிட்டார்கள், எல்லாரிடமும் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. அங்கே பத்து ரூபாய் போடுவது சரி. ஃப்ளாப்பில் மூன்றாவது நாலு வருவது நூற்றுக்குப் பன்னிரண்டு தடவைதான். ஆனால் வந்தால் பெரிய தொகை கிடைக்கும். எல்லாரும் விட்டுப்போய் ஸ்மால் பிளைண்டில் நான் மட்டும் மிஞ்சினாலும் சரி. பாதிப் பணம் ஏற்கெனவே உள்ளே, எதிரில் ஒரே ஆள்.

அவர் சொன்னது இதை அல்ல. ஏஸ்-எட்டு ஆஃப்சூட்டை (இரண்டு சீட்டும் வேறு வேறு சின்னம்) வைத்துக்கொண்டு முதல் ஆளாகவே லிம்ப் பண்ணச் சொன்னார். அப்படிப் போனால் யாரும் பயந்து ஓடப்போவதில்லை, பிளைண்டும் சும்மா கிடைக்காது, பின்னால் ஒருத்தர் ரைஸ் பண்ணினால் பத்து ரூபாயை விட்டுவிட்டு எழ வேண்டியதுதான். ராத்திரிக்கு முப்பது தடவை எழுந்தேன்.

எட்டு மாசம் கழித்து ஒரு பேக்கரியில், அதே கிளாஸுக்கு வந்த இன்னொருத்தர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, அந்த கிளப்புக்கு ஏஜென்ட்டே அவருதானுங்க. ரேக்குல பங்கு."

அப்போதுதான் உறைத்தது. ரேக் என்பது நடுவில் குவியும் பணத்தில் கிளப் எடுக்கும் கமிஷன். அங்கே 5 சதவீதம். ஃப்ளாப் வராமல் ஆட்டம் முடிந்தால் எடுக்க மாட்டார்கள். ஒருத்தர் நாற்பதுக்கு ரைஸ் பண்ணி மற்றவர்கள் விட்டுவிட்டால் கிளப்புக்குச் சல்லிக்காசு இல்லை. ஆறு பேரும் நொண்டியடித்தால் அறுபது ரூபாய், ஃப்ளாப் நிச்சயம், கமிஷனும் நிச்சயம். மேஜையில் பாதிப் பேர் அவருடைய மாணவர்கள்! போனில் பழைய ஆட்டங்களைக் கூட்டிப் பார்த்தேன். நான் ஜெயித்த கைகளில் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம் ரேக்காகப் போயிருக்கிறது.

2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய சட்டம் தடை போட்டது. அந்த வாரமே குரூப் காலி, கணக்கில் இருந்த 6,200-உம் காலி. சைபர் குற்றப் புகார் எண் 1930-க்கு அழைத்துப் புகார் கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆள் பெயருக்கு ஜிபே பண்ண வைத்திருக்கிறார், அதையும் அப்போது நான் கவனிக்கவில்லை.

போன வாரம் அதே போட்டோவோடு ஒரு விளம்பரம் வந்தது. இப்போது ஷேர் மார்க்கெட் கிளாஸாம். ஃபீஸ் 6,000.