ஆளுக்கு ஒரே தொகையா, கேட்டதை வாங்குவதா?

டிசம்பர் பிறந்ததுமே, ரெண்டு பிள்ளைகளுக்கும் கிறிஸ்துமஸ் பரிசு எப்படி வாங்குவது என்று எங்கள் வீட்டில் இந்தப் பேச்சுதான். ஏற்காட்டில் அது காபிப் பழம் பறிக்கிற நேரம், காசு கொஞ்சம் புழங்கும், கையும் தாராளமாகிவிடும்.

பிள்ளைக்கு 1,000 ரூபாய் என்று முதலிலேயே பிரித்து வைப்பது ஒரு வழி. 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கி சேலம் கடைவீதிக்குப் போய் வந்தாலும் கணக்கு மீறாது, கடன் வாங்க வேண்டாம். ஆனால் ஆறு வயதுப் பையனுக்கு அந்தக் காசில் கார், பந்து, கலர் பென்சில் என்று நாலு பொட்டலம் வந்துவிடுகிறது, பதிமூன்று வயது மகளுக்கோ ஒரே கைக்கடிகாரத்தோடு முடிந்துவிடுகிறது. போன வருடம் குடில் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியின் பொட்டலங்களை அவள் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினாள். ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, கேட்டதையே வாங்கித் தரலாம் என்றால், முகம் மலர்வது நிஜம். ஆனால் வாரத்துக்கு ஒன்று கேட்பார்கள், ஜனவரியில் பள்ளிக் கட்டணம் வந்து நிற்கும்.

எனக்கு முதல் வழிதான் சரி, ஒரு திருத்தத்தோடு. மொத்தம் 2,000-ஐத் தாண்டக் கூடாது, ஆளுக்கு ரெண்டே பொட்டலம், அதில் ஒன்று அவர்கள் கேட்டது. விலை முன்னேபின்னே இருக்கட்டும். புதுத்துணி இந்தக் கணக்கில் சேராது, அது பண்டிகைச் செலவு. அப்புறம், தொகை எவ்வளவு என்று மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், இந்த முறை கடைக்கு அவளும் வருகிறாள்.