முத்திரை ஒன்று, பட்டறை வேறொன்று: பழைய கைக்கருவிகளை உண்மையில் யார் செய்தது?

காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கிழக்கிலங்கையின் எந்த ஊர்ப் பழைய இரும்புக் கடையிலும் ஒரு சீவுளியையோ ஸ்பனரையோ கையில் எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் முதலில் காட்டுவது அதில் அடித்திருக்கும் பெயரைத்தான். விலையும் அந்தப் பெயரைப் பார்த்தே ஏறும், இறங்கும். ஆனால் அது பல வேளை விற்றவரின் பெயர். செய்தவரின் பெயர் அல்ல. அமெரிக்காவின் சியர்ஸ் என்ற சில்லறை வியாபார நிறுவனம் 1927 இல் கிராஃப்ட்ஸ்மன் என்ற பெயரைக் கையில் எடுத்தது. அந்தப் பெயரில் வந்த ஸ்பனர், சீவுளி, மரம் அறுக்கும் வாள் எல்லாம் வெவ்வேறு தொழிற்சாலைகளில் செய்து வாங்கியவை. இங்கிலாந்திலும் இதே கதைதான். இரும்புச் சாமான் வியாபாரி, உருக்கு வேலைக்குப் பெயர் போன ஷெஃபீல்டு நகரத்துக்கு ஓடர் அனுப்புவார், அங்குள்ள பட்டறை அவருடைய பெயரையே அடித்துக் கொடுக்கும்.

இதைத் தோண்டுவதால் என்ன பயன் என்றால், மூன்று இருக்கிறது. உதிரிப்பாகம் எதிலிருந்து எடுக்கலாம் என்று தெரியும். உருக்கின் தரத்தை ஓரளவு ஊகிக்கலாம். அப்புறம், பெயர் பெற்ற தொழிற்சாலையில் பிறந்த பெயரில்லாச் சாமானை மலிவாக வாங்கலாம். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது.

கண்டுபிடிக்க நான்கு வழிகள் உண்டு: முத்திரையை வாசிப்பது, பேட்டன்ட் (கண்டுபிடிப்புக்கான உரிமைப் பதிவு) எண்ணைத் தேடுவது, உருவத்தை ஒப்பிடுவது, பழைய விலைப்பட்டியலோடு சரிபார்ப்பது. நான்கும் சமம் அல்ல. பலரும் முத்திரையில் தொடங்கி முத்திரையிலேயே முடிக்கிறார்கள். என் கணக்கில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது.

முத்திரை

முத்திரையின் ஒரே பெரிய நன்மை, அது உடனே கிடைப்பது. சோக்குக்கட்டியைத் தேய்த்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பாதி மறைந்த எழுத்தும் தெரியும். ஆனால் கடற்காற்றும் வாவிக்காற்றும் சேர்ந்து அடிக்கும் நம் கரையோரத்தில் கறல் முதலில் தின்பது ஆழமில்லாத எழுத்துகளைத்தான். மிச்சம் இருப்பதைக் கடைக்காரர் கம்பித் தூரிகைச் சில்லைப் போட்டு மினுக்கும்போது தேய்த்துவிடுவார்.

எழுத்து மேடாக நிற்கிறதா, பள்ளமாக இருக்கிறதா என்று பாருங்கள். மேடாக இருந்தால் அது டையிலோ (சூடான இரும்பை அடித்து உருவம் எடுக்கும் அச்சு) வார்ப்பு அச்சிலோ வெட்டப்பட்ட எழுத்து. சாமான் பிறக்கும்போதே வந்தது. பள்ளமாக இருந்தால் பெரும்பாலும் பிறகு பஞ்ச் வைத்து அடித்தது. யாருடைய பெயரையும் அடித்திருக்கலாம். இரண்டும் ஒரே ஸ்பனரில் இருந்தால், மூலையில் மேடாக நிற்கும் ஒற்றை எழுத்தையோ சின்னக் குறியையோ கவனியுங்கள். பெரிய பெயரைவிட அது அதிகம் பேசும். கிராஃப்ட்ஸ்மன் ஸ்பனர்களில் பெயரோடு வரும் ‘வி’ என்ற எழுத்து அப்படியானது. அது மசாசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த மூர் டிராப் ஃபோர்ஜிங் நிறுவனத்தைக் காட்டுகிறது.

தயாரிப்பாளரின் அடையாளமே இல்லாத முத்திரைகளும் உண்டு. பழைய கைவாள்களின் பிடியில் ‘வாரன்டட் சுப்பீரியர்’ என்று பித்தளை வட்டம் இருக்கும். அதை ஒரு கம்பெனிப் பெயராக நினைத்து விலை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பல வாள் தொழிற்சாலைகள் இரண்டாந்தரச் சாமானுக்கும் கடைப்பெயர்ச் சாமானுக்கும் போட்ட பொது வட்டம். அகன்ற அம்புக்குறியும் அப்படித்தான். அது பிரித்தானிய அரசின் உடைமை என்று சொல்லும் குறி. போர்க்காலத்தில் எத்தனையோ பட்டறைகள் ஒப்பந்தத்தில் செய்த சாமான்கள் எல்லாவற்றிலும் அது உண்டு. மட்டக்களப்பில் இதற்கு ஒரு கூடுதல் கதையும் சேரும். “ஓம் மனே, இது ஹெர்மிஸ் கப்பல் சாமான்” என்பார்கள். ஹெர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்களின் குண்டுக்கு நம் கரைக்கு அப்பால் மூழ்கியது உண்மை. அம்புக்குறி போட்ட சுத்தியல் அதிலிருந்துதான் வந்தது என்பதற்கு அம்புக்குறி சாட்சி இல்லை.

பேட்டன்ட் எண்

முத்திரையோடு ஒப்பிட்டால் எண் பொய் சொல்வது குறைவு. அமெரிக்கப் பேட்டன்ட் எண் 1911 இல் பத்து இலட்சத்தையும், 1935 இல் இருபது இலட்சத்தையும், 1961 இல் முப்பது இலட்சத்தையும் தொட்டது. இந்த மூன்று ஆண்டும் மனதில் இருந்தால் கடையில் நின்றபடியே காலத்தை ஊகிக்கலாம். 21 இலட்சத்துச் சொச்சம் என்றால் 1930களின் பிற்பாதிக்கு முன் அது செய்யப்பட்டிருக்க முடியாது. வீட்டுக்கு வந்து எண்ணை இணையத்தில் போட்டால் வரைபடத்தோடு முழு ஆவணமும் வரும். உரிமை யாருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதும் அதில் இருக்கும்.

பிரித்தானிய எண்ணில் ஒரு சிக்கல் உண்டு. 1916 இல்தான் 100,001 இலிருந்து தொடங்கும் தொடர் எண் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு ஆண்டும் ஒன்றிலிருந்து எண்ணினார்கள். ஆண்டு இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அது எதற்கும் உதவாது.

எண்ணை நம்பலாம், ஆனால் அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று தெரிந்து நம்ப வேண்டும். பேட்டன்ட் சொல்வது, அந்த யோசனை யாருடையது, எப்போது பதிந்தது என்பதை. சாமானைச் செய்தவர் உரிமத்துக்குப் பணம் கட்டிய இன்னொருவராகவும் இருக்கலாம். முழுச் சீவுளிக்கு அல்லாமல் அதில் உள்ள ஒரு திருகுக்கு மட்டும் பெற்ற பேட்டன்டாகவும் இருக்கலாம். திகதியும் அப்படியே. அமெரிக்க ஸ்டான்லி கம்பெனிச் சீவுளியின் உடலில் 1910 ஏப்ரல் 19 என்று வார்த்திருந்தால், அந்த நாளில் செய்தது என்று பொருள் இல்லை. அதற்குப் பிறகான சில ஆண்டுகளில் செய்தது என்று பொருள்.

உருவம்

நான் அதிகம் நம்புவது இதை. காரணம் பணம். பெயரை மாற்ற ஒரு பஞ்ச் போதும். வார்ப்பு அச்சையும் ஃபோர்ஜிங் டையையும் மாற்றுவது பெரிய செலவு. எனவே பத்துக் கடைக்குப் பத்துப் பெயரில் செய்து கொடுத்த பட்டறையும் உடலை ஒரே அச்சில்தான் எடுத்திருக்கும். பெயரை மட்டும் பார்த்துச் சீவுளியை எடைபோடுவது, சட்டைக் கழுத்து லேபலைப் பார்த்துத் தையற்காரரைப் புகழ்வது போல.

சீவுளியில் எங்கே பார்ப்பது? அலகையும், அதை அழுத்திப் பிடிக்கும் மூடியையும் முதலில் கழற்றி ஒதுக்கி வையுங்கள். பெயர் இருப்பது அநேகமாக இந்த இரண்டிலும்தான். எளிதில் மாறுவதும் இந்த இரண்டும்தான். நம் பகுதி ஓடாவிமார் (தச்சர்கள்) தலைமுறையாக ஒரு சீவுளியின் அலகை இன்னொன்றில் போட்டு வேலை செய்தவர்கள். மிஞ்சும் உடலில், அலகு சாய்ந்து கிடக்கும் ஃப்ரொக் என்ற இரும்பு உட்காரும் மேடையைப் பாருங்கள். அதன் வடிவம், திருகுத் துளைகளின் இடைவெளி, அடுத்து வார்ப்பின் உட்பக்க எண்கள். அப்புறம் ஆழம் கூட்டிக் குறைக்கும் கவட்டைத் துண்டு. பழைய நல்ல சீவுளிகளில் அது ஒரே வார்ப்பு. பிந்திய மலிவுச் சீவுளிகளில் இரண்டு தகட்டை ஒட்டியது. உறுதியாக ஸ்டான்லி என்று தெரிந்த ஒன்று வீட்டில் இருந்தால் அதன் ஃப்ரொக்கைக் கழற்றி இதில் வைத்துப் பாருங்கள். சரியாக உட்கார்ந்து திருகும் ஏறினால் வலுவான சாட்சி. உட்காராவிட்டால் உடனே தள்ளிவிடவும் கூடாது. ஸ்டான்லியே அந்த மேடையின் வடிவத்தைப் பல முறை மாற்றியிருக்கிறது.

இந்த வழிக்கும் ஒரு பெரிய ஓட்டை உண்டு: நகல். ஸ்டான்லி சீவுளியின் வடிவத்தை உருவாக்கிய லெனார்ட் பெய்லியின் பேட்டன்ட்கள் 1867 காலத்தவை. அவை காலாவதியானதும் எவரும் அந்த வடிவத்தைச் செய்யலாம் என்றானது. ஷெஃபீல்டின் சி. அண்ட் ஜே. ஹம்ப்டன் 1931 இல் ரெக்கார்ட் என்ற பெயரில் சீவுளி இறக்கியபோது ஸ்டான்லியின் வடிவத்தை மட்டும் அல்ல, எண்ணையும் எடுத்து முன்னால் ஒரு சுழியம் போட்டது. ஸ்டான்லி 4, ரெக்கார்ட் 04. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றே. அப்போது சின்ன வித்தியாசங்களைத்தான் பிடிக்க வேண்டும். ஸ்டான்லி மூடியின் துளை அவரை விதை வடிவில் இருந்தால் அது 1933 அளவுக்குப் பிந்தியது; ஸ்டான்லி அந்த வடிவுக்கு மாறியது அப்போதுதான். மூடி இரண்டு துண்டாக மூட்டுப் போட்டிருந்தால் மில்லர்ஸ் ஃபோல்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி என்று சொல்லலாம்; அது அவர்களின் சொந்த வேலை.

ஆங்கிலச் சாமான்களில் இன்னொரு குழப்பம், கம்பெனிகள் ஒன்றை ஒன்று விழுங்கியது. ஸ்டான்லி 1930களின் பிற்பாதியில் ஷெஃபீல்டின் ஜே. ஏ. சப்மன் கம்பெனியை வாங்கியது. பிறகு ஏக்கோர்ன் என்ற பெயரில் மலிவுச் சீவுளிகளை விட்டது. எனவே ஏக்கோர்ன் என்று இருந்தால் யோசிக்காமல் எடுங்கள், வேலைப்பாடு எளிமையானாலும் பிறந்த வீடு ஸ்டான்லி. வெட்னஸ்பரியில் செய்த வோடன் சீவுளிகள் 1960களின் தொடக்கத்தில் ரெக்கார்ட்டின் கைக்குப் போயின. ஆகவே வோடன் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு பட்டறை இருக்கலாம். பெயர் அதே, உடல் வேறு என்ற நிலை இதில் வரும். உருவத்தை வைத்துத்தான் பிரிக்க முடியும்.

விலைப்பட்டியல்

ஸ்கேன் செய்த பழைய விலைப்பட்டியல்கள் இப்போது இணையத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. கடையில் நின்று பார்க்க முடியாது, வீட்டில் இருந்து செய்யும் வேலை. ஆனால் உருவம் எழுப்பும் சந்தேகத்தைத் தீர்ப்பது இதுதான். பட்டறைகள் தங்கள் சாமானின் படக்கட்டைகளை வியாபாரிகளுக்கும் கொடுத்தன. வியாபாரி பெயரை மட்டும் மாற்றித் தன் பட்டியலில் அச்சிட்டார். கீறல் கோடு வரைக்கும் ஒரே படம் இரண்டு பட்டியலிலும் இருந்தால், வியாபாரியின் சாமான் எங்கே செய்தது என்று அந்தப் படமே காட்டிக்கொடுக்கும். குறை என்னவென்றால், பழைய படத்தைப் பல ஆண்டுகள் மாற்றாமல் போட்டார்கள். காலம் சொல்ல விலைப்பட்டியலைவிட எண் நல்லது.

அம்பாறைப் பக்க ஸ்பனர்கள்

ஸ்பனருக்கு வந்தால் நம் பகுதிக்கு ஒரு தனிக் கதை உண்டு. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் அணையை இங்கினியாகலையில் கட்டியது மொரிசன் நட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். கல்லோயா அபிவிருத்திச் சபை 1949 இல் வந்தது. அம்பாறை அப்போது தனி மாவட்டம்கூட இல்லை, 1961 இல்தான் பிரிந்தது. அமெரிக்க இயந்திரம் வந்த இடத்தில் அமெரிக்க ஸ்பனரும் வரும். அதனால் அம்பாறைப் பக்கம் கிடைக்கும் ஸ்பனரில், இது ஆங்கிலமா அமெரிக்கமா என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கு முத்திரை, எண், பட்டியல் எதுவும் வேண்டாம். ஒரு அளவுகோல் போதும். விட்வர்த் என்ற பழைய ஆங்கில அளவு முறையில் செய்த ஸ்பனரில் எழுதியிருப்பது போல்ட்டின் தடிப்பு. அமெரிக்க ஸ்பனரில் எழுதியிருப்பது வாயின் அகலம். அரை அங்குலம் என்று போட்ட அமெரிக்க ஸ்பனரின் வாய் 12.7 மில்லிமீற்றர், அரை என்று போட்ட விட்வர்த்தின் வாய் 0.920 அங்குலம், 23 மில்லிமீற்றருக்கு மேல். ஒரே வாயில் 3/8 டபிள்யூ (விட்வர்த்), 7/16 பிஎஸ் (பிரித்தானிய அளவு) என்று இரண்டு அளவு இருந்தாலும் ஆங்கிலம்தான்.

அமெரிக்கம் என்று தெரிந்தபின் முத்திரைக்கு மதிப்புக் கூடுகிறது, ஏனென்றால் இங்கே பெயர் மாற்றத்துக்கே காலம் உண்டு. லொஸ் ஏஞ்சலிஸின் பிளோம்ப் கம்பெனிக்கும் சுத்தியல், கோடரி செய்த பிளம்ப் கம்பெனிக்கும் பெயர் வழக்கு வந்து, முதலாமது 1948 இல் புரோட்டோ என்ற பெயருக்கு மாறியது. இரண்டு பெயரில் இரண்டு ஸ்பனர் கிடைத்தால் அவை ஒரே வீட்டுப் பிள்ளைகள். மூத்தது எது என்று பெயரே சொல்லும். வைரக் கட்டத்துக்குள் டபிள்யூ எழுத்து இருந்தால் ஜே. எச். வில்லியம்ஸ். மற்றப் பெயர்களுக்குக் கைத்தண்டின் வடிவத்தைப் பாருங்கள். நடுப்பகுதி பள்ளமா மேடா, பள்ளத்தின் முனை வட்டமா கூரா, கழுத்து எப்படி அகல்கிறது என்பதெல்லாம் டையின் கைரேகை.

உளிகளில் நேரத்தைச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன். ஷெஃபீல்டின் எல்லாப் பட்டறையும் ஏறத்தாழ ஒரே உளியைத்தான் செய்தது. முத்திரை போயிருந்தால் உருவமும் கைவிடும். தீட்டிப் பாருங்கள், கூர் நிற்கிறதா என்று பாருங்கள், அவ்வளவுதான்.

மண்வெட்டி இன்னும் மோசம். முதலை மார்க் பர்மிங்காமின் ரால்ஃப் மார்டிண்டேல் கம்பெனியுடையது. அவர்களின் தொழிற்சாலைக்கே முதலை வேர்க்ஸ் என்று பெயர் இருந்தது. ஆனால் வயலில் உழைத்த மண்வெட்டியின் அலகு தேய்ந்து தேய்ந்து பாதியாகியிருக்கும். அல்லது கொல்லர் புதுத் துண்டு வைத்து அடித்திருப்பார். பட்டறையின் வடிவம் என்று சொல்ல மிஞ்சுவது பிடி நுழையும் வளையமும் அதை ஒட்டிய நாலு விரற்கடை இரும்பும்தான். அந்த இடத்தில் மார்க் தெரியாவிட்டால் தேடலை அங்கேயே விட்டுவிட்டு, எடையையும் விலையையும் பேசுங்கள்.