பழைய ஏசியைத் திருத்துவதா, இன்வேர்ட்டருக்கு மாறுவதா? கம்பி முடியும் வீட்டிலிருந்து ஓர் ஒப்பீடு

எங்கள் வீடு கிளிநொச்சி மாவட்டத்துப் பரந்தனில், பிரதான வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையின் கடைசியில் இருக்கிறது. மின்சாரக் கம்பியும் எங்கள் படலைக்கு முன்னால் உள்ள போஸ்ற்றோடு முடிந்துவிடுகிறது. தென்மேற்குக் காற்றான சோளகம் வீசும் மாதங்களில் பகல் முழுவதும் காய்ந்த சுவரும் கூரைச் சீற்றும் இரவு பத்து மணிக்குப் பிறகும் வெக்கையைக் கக்கிக்கொண்டிருப்பதால், அம்மாவின் அறைக்கு மட்டும் 12,000 பீ.ரீ.யூ. குளிரூட்டும் திறனுள்ள ஏசி ஒன்று பூட்டியிருந்தோம். பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த அந்தப் பழைய வகை ஏசி, கடந்த ஆண்டுக்கு முந்திய சிறுபோகக் காலத்தில் குளிர் தருவதை நிறுத்தியது. அதைத் திருத்துவதா, அல்லது மோட்டரின் வேகத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்து ஓடும் இன்வேர்ட்டர் ஏசி வாங்குவதா என்று ஒரு மாதம் யோசித்து, இரண்டாவதையே தேர்ந்தோம். அந்த முடிவு எங்களுக்குச் சரியாக அமைந்தது. ஆயினும் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தாது என்பதால் இரண்டையும் இங்கே வைத்துப் பார்க்கிறேன்.

திருத்துவதற்கு ஆதரவான நியாயங்கள் குறைந்தவை அல்ல. வந்த திருத்துநர் உள்ளலகின் மூடியைக் கழற்றி, குளிரூட்டும் கேஸ் ஓடும் குழாய்ச் சுருளான கொயிலின் வளைவொன்றில் படிந்திருந்த எண்ணெய்க் கறையை விரலால் தொட்டுக் காட்டினார். கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய் கசியும் இடத்தில் வெளியே வந்து புழுதியைப் பிடித்துக்கொள்வதால், கறுத்த கறை இருக்கும் இடத்தில்தான் ஓட்டையும் இருக்கும் என்றார். சவர்க்கார நுரை பூசியதும் அங்கே குமிழி வந்தது. கொயிலை ஒட்டி, காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்து, கேஸ் நிரப்பித் தருவதற்கு அவர் கேட்ட தொகை புதிய ஏசியின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஒட்டாமல் கேஸை மட்டும் நிரப்பித் தருவதற்கு முன்வந்தவர்களும் இருந்தார்கள். அப்படிச் செய்வது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்ப்பதற்கு ஒப்பானது. எந்த நிலையிலும் அதற்கு இணங்கக்கூடாது.

பழைய ஏசியில் இருந்தது ஆர்22 கேஸ். ஓசோன் படலத்தைக் காப்பதற்கான மொன்றியல் உடன்படிக்கையின்படி வளர்முக நாடுகளும் 2030-க்குள் அதன் பாவனையை ஏறத்தாழ முற்றாகக் கைவிட வேண்டும். ஆகையால் வருங்காலத்தில் அது கிடைப்பதும் அரிதாகும், விலையும் ஏறும். புதியவற்றில் பெரும்பாலும் ஆர்32 வருகிறது. அது ஓசோனைத் தாக்காது. ஆனால் இலேசாகத் தீப்பற்றக்கூடியது என்பதால், அதற்கான கருவிகளும் பயிற்சியும் உள்ளவரிடமே வேலையைக் கொடுக்க வேண்டும்.

மின்கட்டணத்தில் இன்வேர்ட்டர் சிக்கனமானது என்பது எல்லோரும் அறிந்ததே. எங்கள் மீற்றர்க் கணக்கில் பழையது ஓர் இரவுக்கு ஏறத்தாழ 6 அலகு எடுத்தது. புதியது மூன்றரை அலகளவில் நிற்கிறது. மாதக் கணக்கு 180 அலகைத் தாண்டினால் மேலதிக அலகுகளின் விலையோடு நிலையான கட்டணமும் கூடிவிடுகிறது. அந்த எல்லைக்குள் எங்கள் வீடு இப்போது மட்டுமட்டாக நிற்பதால், அலகுகள் குறைந்த விகிதத்தைவிடக் கட்டணம் குறைந்த விகிதம் அதிகம்.

ஆயினும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது கட்டணம் அன்று; மாலை நேரத்து மின்னழுத்தம்தான். கொயில் ஓட்டையாவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே மாலை ஏழு மணிக்கு ஏசியைப் போட்டால் அறை விளக்கு ஒரு கணம் மங்கும், வெளியலகு சில நொடிகள் உறுமும், பிறகு டொக் என்ற ஒலியோடு, கேஸை அழுத்திச் சுற்றவைக்கும் கொம்பிரசர் அடங்கிவிடும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் அதே உறுமல், அதே டொக். நாங்கள் கொம்பிரசர் பழுதாகிவிட்டது என்றே நினைத்தோம். மோட்டர் எழும்ப உதவும் கப்பாசிற்றரை மாற்றியும் பயன் இல்லாதபோது, திருத்துநர் மின்னழுத்தம் அளக்கும் மல்ரிமீற்றரைப் பிளக்கில் வைத்து, “அண்ணை, கொம்பிரசரில பிழை இல்லை, கரண்டுதான் காணாது” என்றார். 230 காட்ட வேண்டிய இடத்தில் 184 வோல்ற் காட்டியது. தோட்டக் கிணறுகளில் இறைப்பு மோட்டர்கள் ஓடும் நேரத்தில், ஒழுங்கை முழுவதும் விளக்கும் அடுப்பும் தொலைக்காட்சியும் சேர்ந்துகொண்டால், கம்பியின் கடைசி வீட்டுக்கு மிஞ்சுவது அவ்வளவுதான்.

பழைய வகைக் கொம்பிரசருக்கு நிற்பது, முழு வேகத்தில் ஓடுவது என்ற இரண்டு நிலைகள் மட்டுமே உண்டு. ஓடும்போது 5 அம்பியர் அளவில் எடுக்கும் மோட்டர், நின்ற நிலையிலிருந்து எழும்பும் கணத்தில் அதைப்போல ஐந்தாறு மடங்கு கேட்கிறது. நீண்ட கம்பியின் முனையில் அவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும்போது, ஏற்கனவே குறைந்திருக்கும் மின்னழுத்தம் மேலும் விழுகிறது. மோட்டரைத் திருப்பும் வலு மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், மின்னழுத்தம் ஐந்தில் நான்காகக் குறையும்போது அந்த வலு ஏறத்தாழ மூன்றில் இரண்டாகிவிடுகிறது. அதனால் மோட்டர் சுழலாமல் நின்றபடியே சூடேறுகிறது. பாதுகாப்பு ஆளி இணைப்பைத் துண்டிக்கிறது. ஒவ்வொரு மாலையும் இவ்வாறு நடந்தால் உள்ளே சுற்றியுள்ள கம்பியின் பூச்சு மெல்ல மெல்லக் கருகிப்போகும். கொயிலை எவ்வளவு திறமாக ஒட்டினாலும் இந்தக் குறை தீராது என்பதை விளங்கிக்கொண்ட பின்னரே திருத்தும் எண்ணத்தைக் கைவிட்டோம்.

ஸ்டெபிலைசர் பூட்டலாமே என்று பலர் கேட்டார்கள். 185 வோல்ற்றை 230 ஆக்கித் தரும் ஸ்டெபிலைசர், அதற்கு ஈடாகக் கம்பியிலிருந்து கால் பங்கு கூடுதலாக மின்னோட்டத்தை இழுக்கிறது. தொடக்கக் கணத்தின் பாரத்தையும் தாங்கக்கூடிய பெரிய ஸ்டெபிலைசர் மலிவாகக் கிடைப்பதில்லை. அந்தச் செலவையும் திருத்தச் செலவோடு கூட்டினால், புதிய ஏசிக்கும் இதற்கும் உள்ள இடைவெளி பாதியாகிவிடுகிறது.

இன்வேர்ட்டர் ஏசியோ வரும் மின்சாரத்தை நேரோட்டமாக்கி, அதிலிருந்து தனக்கு வேண்டிய மீடிறனில் (நொடிக்கு எத்தனை அலை என்ற அளவில்) மின்சாரத்தை உண்டாக்கி, கொம்பிரசரை மிகக் குறைந்த வேகத்தில் தொடங்கி மெதுவாக உயர்த்துகிறது. தொடக்கத்தில் எகிறும் மின்னோட்டம் அங்கே இல்லை. எங்கள் வீட்டில் 178 வோல்ற் காட்டிய மாலையிலும் விளக்கு மங்காமல் அது ஓடியது. அறை குளிர வழமையைவிடச் சற்று நேரம் எடுத்தது, அவ்வளவுதான். அன்றிரவு அம்மா இடையில் எழும்பாமல் தூங்கியதை, இதில் செலவழித்த பணத்துக்குக் கிடைத்த முதல் பலனாக நினைக்கிறேன்.

இன்வேர்ட்டரின் பலவீனம் அதை இயக்கும் மின்னணுச் சுற்றுப் பலகை, அதாவது போட். பழையதில் கப்பாசிற்றர் போனால் கிளிநொச்சி நகரில் அன்றைக்கே வாங்கிப் போட்டுவிடலாம். போட் எரிந்தால் கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும், விலையும் அதிகம். ஒழுங்கையின் தொடக்கத்தில் இருக்கும் உறவினர் வீட்டில் வெளியலகுக்குள் பல்லி புகுந்து, போட்டின் இரு முனைகளுக்குக் குறுக்கே கிடந்து செத்ததில், மூன்று வாரம் ஏசி இல்லாமல் இருந்தார்கள். நாங்கள் வயர் நுழையும் துளையை அடைத்து, மின்னழுத்த எகிறலைத் தடுக்கும் கருவியைப் பூட்டி, புவித்தொடுப்புக் கம்பியைப் புதிதாக இறக்கினோம். கோடையில் மண் காய்ந்தால் புவித்தொடுப்பு வலுவிழக்கும் என்பதால், வாரத்துக்கு ஒரு வாளி தண்ணீர் அதன் அடியில் ஊற்றுகிறேன். ஐப்பசியில் இடி தொடங்கினால் ஆளியை அணைத்துவிடுகிறோம். இந்தக் கவனத்தோடு இதுவரை பதினெட்டு மாதங்கள் ஓடியிருக்கிறது. உத்தரவாதக் காலம் முடிந்த பின் போட் எப்படி உழைக்கும் என்பதைச் சொல்லும் அளவுக்கு என் அனுபவம் இன்னும் நீளவில்லை.

செம்மண் புழுதி இரண்டு வகை ஏசியையும் ஒன்றுபோலவே வாட்டுகிறது. சோளகக் காலத்தில் உள்ளலகின் புழுதி வடிக்கும் வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும். வெளியலகின் தகடுகளை, மின்சாரத்தை நிறுத்திய பின், மெதுவாகப் பீச்சும் நீரால் கழுவ வேண்டும்.

ட்ரான்ஸ்போமருக்குக் கிட்ட இருப்பவர்களுக்கு, மாலையிலும் 220 வோல்ற் குறையாமல் வருபவர்களுக்கு, ஏசியை மாதத்தில் சில இரவுகள் மட்டுமே போடுபவர்களுக்கு என் தேர்வைப் பரிந்துரைக்க மாட்டேன். கப்பாசிற்றரோ விசிறி மோட்டரோ போயிருந்தால் பழையதைத் திருத்திக்கொள்வதே அவர்களுக்கு இலாபம். மிச்சப் பணத்தில் சீற்றுக்குக் கீழே சீலிங் அடித்தால் அறை இன்னும் குளிரும். எனவே கடைக்குப் போவதற்கு முன், மல்ரிமீற்றர் வைத்திருக்கும் ஒருவரை மாலை ஏழு மணிக்கு வீட்டுக்கு அழைத்து, ஏசி ஓடாத நேரத்தில் ஒருமுறையும், அது தொடங்கும் கணத்தில் ஒருமுறையும் பிளக்கில் அளந்து பாருங்கள்.